நூற்று நான்கு டிகிரி

ஒட்டகத்தை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது சிஸ்டருக்கு முதலில் வந்தது கோபம்தான். பரிதாபமெல்லாம் பிறகுதான் வந்தது.

ஒட்டகம் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. அவன் பார்சல் குடோனில் பெட்டி அடுக்குகிறவன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதைப் பெரிய வித்தையாகச் சொல்லிக்கொண்டு திரிவதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். உண்மைக் காரணம் வேறு. நாற்பது பேருக்கு ஒரே கழிப்பறை, அதுவும் குடோனின் மறுகோடியில் இருந்தது. போய்வரப் பத்து நிமிடம் ஆகும். பத்து நிமிடம் ஆளைக் காணோம் என்றால் சூப்பர்வைசர் பெயரைக் குறித்துக்கொள்வார். தண்ணீரே குடிக்காதவனுக்குக் கழிப்பறை எதற்கு?

இதையெல்லாம் சிஸ்டருக்குச் சொன்னது அவளுடைய தம்பி. அவனும் அதே குடோனில், அதே இரண்டாம் நம்பர் ஷெட்டில்தான் பெட்டி அடுக்குகிறான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும்தான் ஒரே வீட்டில். அதனால் அந்தக் குடோனிலிருந்து யாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சிஸ்டர் முதலில் முகத்தைத்தான் பார்ப்பாள். இன்றைக்கு ஒட்டகம் என்றால் நாளைக்கு யார்?

வெயில் நூற்றுப் பத்தைத் தாண்டிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. வார்டில் மூன்று மின்விசிறிகள் ஓடின; மூன்றும் சூட்டை இங்கிருந்து அங்கே தள்ளின, அங்கிருந்து இங்கே தள்ளின. ஐஸ் மெஷின் பழுதாகி ஒரு வாரமாகிறது. மீன் கடையிலிருந்து சாக்கில் ஐஸ் வாங்கி வந்து, ஈரத்துணியில் சுற்றி, வருகிறவர்களின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்துக்கொண்டிருந்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆஸ்பத்திரியிலேயே ஏ.சி. நன்றாக ஓடியது கணக்குப் பிரிவில் மட்டும்தான். அங்கே இருந்தவர்கள் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. ஒரு வேலையிடத்திலிருந்து வந்த ஆளுக்கு ‘வெப்பத் தாக்கு’ என்று ஆஸ்பத்திரி சீட்டு கொடுத்தால், அந்த இடம் கோடை முடியும்வரை பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை மூடியிருக்க வேண்டும். நல்ல உத்தரவுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சீட்டு கொடுக்க ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஆள் வந்து சேரும்போது உள்சூடு நூற்று நான்கு டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதை ஆஸ்பத்திரி ஆளே அளந்து ரிஜிஸ்தரின் ஏழாவது கட்டத்தில் எழுத வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி ஏழாவது கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

உள்சூட்டை அக்குளில் வைத்து அளக்க முடியாது. ஒட்டகத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்பக்கமாகக் கருவியை வைத்தாள் சிஸ்டர். பாதி மயக்கத்தில் இருந்தவனுக்குப் பளிச்சென்று தெளிந்துவிட்டது.

“ஐயோ அக்கா… அங்கயா?”

“அங்கதான். பேசாம படு.”

நூற்று ஒன்று புள்ளி எட்டு.

அவள் கருவியை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அதேதான். சிறுநீர் காப்பித்தண்ணி நிறத்தில் இருந்தது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்தது, என்ன கிழமை என்று கேட்டால் தன் பெயரைச் சொன்னான். பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இது வெப்பத் தாக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஆனால் எண் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் அவனுடைய தலைமுடியில் ஐஸ் துணுக்குகள் இருப்பதைப் பார்த்தாள்.

“என்னடா இது?” என்று தம்பியைக் கேட்டாள். அவன்தான் கூட வந்திருந்தான்.

“ஐஸ் ரூமுல போட்டோம்க்கா. அரை மணி நேரம். எப்பவும் அப்படித்தானே செய்வோம்?”

குடோனின் ஒரு மூலையில் மருந்தும் ஐஸ்கிரீமும் வைக்கும் குளிர் அறை ஒன்று இருந்தது. தகர ஷெட்டில் யாராவது சுருண்டு விழுந்தால், நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி அந்த அறையில் கிடத்துவார்கள். மேலே ஐஸ் மூட்டைகளை அடுக்கி, தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த முறை இல்லை, அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது. அது சரியான முறையும்கூட. ஒட்டகம் உயிரோடு வந்து சேர்ந்ததே அதனால்தான். ஆனால் எல்லாரும் அப்படிக் குளிர்ந்தே வந்து சேர்ந்ததால், அந்தக் குடோனிலிருந்து இந்தக் கோடையில் வந்த ஆறு பேரில் ஒருவருக்குக்கூட ஏழாவது கட்டத்தில் நூற்று நான்கு விழவில்லை. மேனேஜர் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டாராம்: “நம்ம இடத்துல ஒருத்தருக்குக்கூட வெப்பத் தாக்கு வந்ததில்ல.”

டூட்டி டாக்டர் நல்லவர்தான். இளம் வயது, தூங்கி மூன்று நாளாகியிருக்கும்.

“இது என்னன்னு எனக்கும் தெரியும் சிஸ்டர்,” என்றார். “ஆனா நீங்களே நூத்தி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இதுல நான் எப்படிச் சீட்டு குடுக்கறது? நாளைக்கு அவங்க வக்கீல் வந்து கேட்டா?”

மறுநாள் டூட்டி முடிந்து தொழிலாளர் அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே ஓர் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், இரண்டு முறை தலையாட்டினார், கடைசியில், “சீட்டு கொண்டு வாங்கம்மா, உடனே மூடிடலாம்,” என்றார். அவள் திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் கம்பியில் கைபட்டுச் சுட்டுவிட்டது. அதற்கும் சேர்த்து அந்த அதிகாரியைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டகம் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு. ஒன்பது மணிக்கே கூரை காய்ந்து சுவரைத் தொட முடியாது. அந்தச் சூட்டிலும் அவன் டீ வேண்டும் என்றான். தம்பி தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஒட்டகம் விழுந்த காட்சியை நடித்துக் காட்டினான்.

“அக்கா, விழுறதுக்கு முன்னாடி இவன் சூப்பர்வைசரைப் பார்த்து ‘அம்மா, பசிக்குது’ன்னான். அந்த ஆளு மூஞ்சியைப் பார்க்கணுமே!”

ஒட்டகம் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு டீயை ஊதிக்கொண்டே கேட்டான்: “அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த நோட்டுல ஒரு நூத்தி நாலு போட்டிருந்தா என்ன? எழுதறது நீங்கதானே? யாரு வந்து திரும்ப அளக்கப் போறாங்க?”

“போட மாட்டேன்.”

“ஒரு ரெண்டரை டிகிரி. நாப்பது பேரு பொழச்சிருப்போம்.”

“போட மாட்டேன்னு சொல்லிட்டேன்ல.”

காரணம் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட இருந்த ஒருத்தி அளக்காமலே ஒரு குழந்தைக்கு ‘ஜுரம் இல்லை’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை இல்லை. அன்றிலிருந்து தன் கையால் அளக்காத எண்ணை இவள் எழுதியதில்லை, அளந்த எண்ணை மாற்றியதும் இல்லை. மற்ற நர்ஸ்கள் இவளை அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

ஆனால் ஒட்டகம் கேட்டது சுருக்கென்று தைத்துவிட்டது. அத்தனை நாள் எரிச்சலும் ஒன்றுசேர்ந்து வாய்க்கு வந்தது.

“என்னைக் கேக்கறியே, உங்களை எவன் ஐஸ் ரூமுல கொண்டுபோய்ப் போடச் சொன்னான்? நேரா எங்கிட்டக் கொண்டு வந்திருந்தா நூத்தி ஆறு இருந்திருக்கும். அப்பவே சீட்டு எழுதியிருப்பாரு. இன்னிக்கு உங்க ஷெட்டு மூடியிருக்கும்! நீங்களே ஆளைக் குளிர வச்சுக் கொண்டு வந்துட்டு, அக்கா எழுது, அக்கா எழுதுன்னா?”

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதுக்காக ஐஸ் ரூமுல போடாதீங்கன்னு சொல்லல. போட்டதாலதான் இவன் இங்க உக்காந்து டீ குடிக்கிறான். அதை விட்டுடாதீங்க,” என்றாள்.

“சரிக்கா,” என்றான் ஒட்டகம்.

ரேடியோ சட்டென்று நின்றுபோனதை அவள் கவனித்தாள். புழுக்கத்தில் சோர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். வேலையை விட்டுவிடு என்று அன்றைக்கு மறுபடியும் சொன்னாள். “நான் விட்டுட்டா என் இடத்துல இன்னொருத்தன் வந்து விழுவான், அவ்வளவுதானேக்கா?” என்றான். அவளுக்கு அதற்கும் எரிச்சல் வந்தது. ஊரார் கவலையெல்லாம் இவன் தலையில்தான் என்று முணுமுணுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கு வார்டு வாசலில் குடோன் வேன் வந்து நின்றது. ஒட்டகம் முன்னால் குதித்து ஓடிவந்தான். அவன் முகத்தில் பயமும் இருந்தது, ஏதோ சாதித்துவிட்டது போலவும் இருந்தது.

“அக்கா, ரேடியோ விழுந்துட்டான். ஐஸ் ரூமுக்குக் கொண்டு போகலக்கா. ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல. அப்படியே கொண்டு வந்துட்டோம்.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

வேனின் பின்கதவைத் திறந்தபோது அடுப்பைத் திறந்ததுபோல் அனல் அடித்தது. தகர வண்டி, ஜன்னல் கிடையாது. தம்பி பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தான். உடம்பில் வியர்வை இல்லை. தோல் காய்ந்து சிவந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

“எவ்வளவு நேரம்?”

“விழுந்து… ரயில்வே கேட்டு போட்டுட்டான்க்கா. அம்பது நிமிஷம் இருக்கும்.”

“அம்பது நிமிஷமா!”

அவள் போட்ட சத்தத்தில் வார்டில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மீன்கடை ஐஸ் முழுவதையும் அவன்மேல் கொட்டினார்கள். ஈரத் துணி, மின்விசிறி, கையில் ஊசி, மூக்கில் குழாய். இழுப்பு வந்தது, நாலு பேர் பிடித்தார்கள். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, இத்தனைக்கும் நடுவில் சிஸ்டரின் கை தானாகவே கருவியை எடுத்து வைத்தது. நூற்று ஏழு புள்ளி நான்கு. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு ஏழாவது கட்டத்தில் தானே எழுதினார். எழுதும்போது அவளைப் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் ஒட்டகம் அழுதுகொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தம்பி ஷெட்டில் நான்கு பேரிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம். நான் விழுந்தா என்னை ஐஸ் ரூமுக்குத் தூக்கக்கூடாது, நேரா எங்கக்காகிட்டக் கொண்டுபோகணும். மத்தவன் யாரு விழுந்தாலும் ஐஸ் ரூமுதான், நான் விழுந்தா மட்டும் இப்படி. அவன் வேண்டுமென்றே விழவில்லை. விழுந்தால் அது வீணாகக்கூடாது என்று மட்டும் ஏற்பாடு செய்து வைத்திருந்தான்.

“நான் வேணாம்னுதான்க்கா சொன்னேன். ‘எங்கக்காவுக்குப் பொய் எழுத வராதுடா, நாமதான் நெசத்தைக் கொண்டுபோய்க் குடுக்கணும்’னான்.”

அவளுக்கு ஒட்டகத்தை அறைய வேண்டும் போல இருந்தது. தம்பியை அறைய வேண்டும் போல இருந்தது. கடைசியில் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரும் சுட்டது.

சீட்டு அன்றைக்கே போயிற்று. நாலாம் நாள் உத்தரவும் வந்தது. இப்படி வேகமாக அந்த அலுவலகம் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அவள் அதை வார்டிலேயே நின்றபடி படித்தாள். மேற்படி குடோனின் ஷெட் எண் இரண்டு மட்டும், பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை.

மொத்தம் நான்கு ஷெட்டுகள். நான்குக்கும் ஒரே தகரம், ஒரே வெயில். சூட்டில் விழுந்த ஆள் நின்றிருந்தது இரண்டாம் ஷெட்டில், ஆகவே இரண்டாம் ஷெட் மூடப்பட்டது. மேனேஜர் சட்டத்தை மதிக்கிறவர். பன்னிரண்டு அடித்ததும் இரண்டாம் ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார்; அங்கே வேலை செய்தவர்களை மூன்றிலும் நான்கிலும் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே இப்போது கூட்டம் அதிகம், காற்று இன்னும் குறைச்சல். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே ஏறின சாணுக்கு ஓர் ஆளையே விலையாகக் கொடுத்தாயிற்று.

தம்பி பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் ஒருவழியாகத் திரும்பி வேலை செய்தது. மூளையின் பின்பக்கம் வெந்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். அவர் வேறு வார்த்தைகளில்தான் சொன்னார், அவளுக்கு அப்படித்தான் கேட்டது. நிற்க வைத்தால் குடித்தவன்போல் தள்ளாடினான். டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் மார்பில் கொட்டியது. பேச்சு ஒவ்வொரு எழுத்தாக, இழுத்து இழுத்து வந்தது. நாளாக நாளாகக் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார்கள். அவன் முதன்முதலில் முழுதாகச் சொன்ன வாக்கியம் ஒரு கேள்வி.

“மூ…டிட்…டாங்…களா?”

“மூடிட்டாங்கடா,” என்றாள். எத்தனை ஷெட் என்று அவன் கேட்கவில்லை. கோணலாகச் சிரித்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் தட்டைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், மூன்றாம் ஷெட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கூட வந்தது ஒட்டகம்தான். அவன் இப்போது யார் சொன்னாலும் கேட்பதில்லையாம். விழுந்தால் முதலில் ஐஸ் ரூம், பிறகுதான் மற்றதெல்லாம் என்று சண்டை போட்டு வைத்திருந்தான். அந்தப் பெண்ணின் புடவை ஐஸ் தண்ணீரில் ஊறி ஜில்லென்றிருந்தது. கண் திறந்து, “குடிக்கத் தண்ணி குடுங்க,” என்றாள்.

சிஸ்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து அளந்தாள். நூற்று ஒன்று புள்ளி இரண்டு. கருவியைத் துடைத்து வைத்தாள். ரிஜிஸ்தரைத் திறந்து ஏழாவது கட்டத்தில் நூற்று ஐந்து புள்ளி இரண்டு என்று எழுதினாள்.

டாக்டர் வந்தார். எண்ணைப் பார்த்தார். குனிந்து அந்தப் பெண்ணின் நெற்றியில் கை வைத்தார். கையை எடுத்து, ஈரமாகியிருந்த விரல்களைப் பார்த்தார்.

“நீங்கதான் அளந்தீங்களா சிஸ்டர்?”

“நான்தான் டாக்டர்.”

“வந்த உடனேயா?”

“வந்த உடனே.”

அவர் விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, கிழித்து அவளிடம் நீட்டினார். ஒட்டகம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதை எழுத அவளுக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. இதே மூன்று விநாடியை அன்றைக்கு ஒட்டகத்துக்காகச் செலவழித்திருந்தால், இன்றைக்கு அவள் தம்பி தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிட்டிருப்பான்.